துண்டுக்கடியில் முப்பத்திநாலு

இஞ்சின் முதன்முதலாக மூச்சு இழுத்த காலையில் அங்கமுத்து துண்டுக்கடியில் விரல் பேசிக்கொண்டிருந்தான். அதனால் ஒட்டம்பாளையம் பழைய இரும்பு வீதியிலேயே அதைக் கடைசியாகக் கவனித்த ஆள் அவன்தான். எதிரே நின்ற தாராபுரத்து வியாபாரியின் வாய் கரையில் போட்ட மீன் மாதிரி திறந்து மூடியதைப் பார்த்து, நம்ம விலையைக் கேட்டு ஆடிப்போய்விட்டான் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். பிறகுதான் தனக்கும் மூச்சு வரவில்லை என்று தெரிந்தது. டீக்கடைச் செல்லப்பனின் டீ ஒரு டம்ளரிலிருந்து இன்னொரு டம்ளருக்கு வழக்கம்போல நீளமாக இறங்கிக்கொண்டிருந்தது, ஆனால் செல்லப்பனின் நெஞ்சு நின்றிருந்தது. பூக்காரியின் கூவல் பாதியில் அறுந்து கிடந்தது. குரைக்க வாயைத் திறந்த நாய் திறந்தபடியே நின்றது. வீதிக் கடைசியில் இதாயத்துல்லா பாயின் பட்டறையில் மட்டும் அந்த இஞ்சின் பனங்காட்டுக்குள் புயல் புகுந்த மாதிரி இரைந்துகொண்டிருந்தது. பாய் ஆக்ஸிலேட்டரை விட்டார். வீதிக்கு மூச்சு திரும்பி வந்தது. வந்த மூச்சில், துண்டு கிடக்கும்போது வாய் திறக்கக் கூடாது என்பதையும் மறந்து, முதல் வார்த்தை பேசியவன் தாராபுரத்தான்தான்.

"அந்த வெலைக்குக் கட்டாதுங்க" என்றான்.

விரல் பேசுவது மாட்டுச்சந்தையிலிருந்து அந்த வீதிக்கு வந்த பழக்கம். விற்கிறவன் கையும் வாங்குகிறவன் கையும் ஒரு துண்டுக்கடியில் சேரும். இரண்டு விரலைப் பிடித்து விட்டு, பிறகு ஐந்தையும் சேர்த்துப் பிடித்து, மறுபடி மூன்றைப் பிடித்தால் இருபத்தெட்டு. வாய் திறக்கக் கூடாது, முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது, துண்டு கிடக்கிற வரைக்கும் சுற்றி நிற்கிறவனும் மூச்சுக் காட்டக் கூடாது. விழுந்த துண்டுக்குள் கை கொடுக்காமல் போவது செருப்பைக் கழற்றிக் காட்டுவதற்குச் சமம். படிந்தாலும் முறிந்தாலும், தரகு பார்க்கிற பொங்கியண்ணன் பக்கத்தில் வந்து "முடிஞ்சுதா?" என்று கேட்டு, பதில் வாங்கி, அதற்குப் பிறகுதான் துண்டு எடுபடும்.

அங்கமுத்து அந்தத் துண்டுக்கடியில் வளர்ந்தவன். சாக்குப்பையைத் தோளில் போட்டு ஆணி பொறுக்கி, அடி வாங்கி, ஏமாந்து, ஏமாற்றியவன் சட்டையைப் பிடித்து, ஒரு கடை, அப்புறம் ஒரு குடோன், அப்புறம் லாரி என்று வந்தவன். வாழ்க்கையில் அவன் பேரம் பேசாமல் வாங்கியது தாய்ப்பால் மட்டும்தான் என்று பொங்கியண்ணன் சொல்வார். அதுவும் சந்தேகம்தான் என்பாள் அவன் மனைவி மயிலாத்தாள்.

இஞ்சினை அவன் வாங்கியது மூடிப்போன நூல் மில்லின் கொட்டகையிலிருந்து, கிலோ கணக்கில், துருப்பிடித்த பஞ்சு மெஷின்களோடு சேர்த்து. மில் முதலாளியின் மகன் ஒரு காலத்தில் ரேஸ் ஓட்டினானாம். பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே பல வருசம் கிடந்த அந்த ஒற்றை சிலிண்டர் இஞ்சினை பாய் பிரித்துக் கழுவி, சிலிண்டரைக் கடைந்து போர் அடித்து, புது பிஸ்டன் போட்டு, ஒரு பழைய பைக் சட்டத்தில் ஏற்றினார். அது ஏன் ஊரின் மூச்சை இழுக்கிறது என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. இஞ்சின் என்றால் காற்று இழுக்கத்தான் செய்யும். எங்கிருந்து இழுக்கிறது என்பது அதன் சௌகரியம்.

அதே மில்லில் பஞ்சு அடிக்கிற பிரிவில் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் வேலை பார்த்தவள் மயிலாத்தாள். அந்தப் பஞ்சில் கொஞ்சம் அவள் நெஞ்சுக்குள்ளேயே தங்கிவிட்டது. நாலு வார்த்தை பேசினால் ஒரு தடவை நிறுத்தி, கதவிடுக்கில் காற்று போகிற மாதிரி ஒரு சத்தத்தோடு மூச்சு வாங்கி, அப்புறம் மிச்சத்தைச் சொல்வாள். மிச்சத்தைச் சொல்லாமல் விட்டதே இல்லை. கழுத்தில் எந்நேரமும் நீலகிரித் தைலம் மணக்கும். கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாள். அங்கமுத்து கத்துகிற இடத்தில் அவள் சும்மா பார்த்தாலே வியாபாரி இறங்கி வருவான்.

"எல்லாத்துக்கும் ஆண்டவன் பெரிய கார்புரேட்டரு போட்டு உட்டிருக்கறானுங்க பாய்" என்றாள் ஒரு நாள். "எனக்கு மட்டும் மொபெட்டுது."

"மொபெட்டுதான் அக்கா நெறைய மைலேஜ் குடுக்கும்" என்றார் பாய்.

ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. முதல் வாரம் கொஞ்சம் சண்டை நடந்தது, உண்மைதான்; புரை ஏறிச் சாகப் பார்த்தேன் என்று ஒருவன் கட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தான். அப்புறம் பாயின் பட்டறை வாசலில் ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டார்கள். இஞ்சினை முறுக்குவதற்கு முன்னால் அதைத் தட்டினால் வீதியே ஒரு இழுப்பு ஆழமாக இழுத்து வைத்துக்கொள்ளும். ஓட்டலில் பரிமாறுகிறவர்கள் மணிச் சத்தம் கேட்டதும் இலையைப் பார்த்து யாராவது மென்றுகொண்டிருக்கிறார்களா என்று கவனிக்கப் பழகினார்கள். வீட்டுத் திண்ணையில் வாய்ப்பாடு சொல்கிற பிள்ளைகள் ஒன்பதில் நின்று, மூச்சு வந்ததும் ஒன்பதிலிருந்தே தொடர்ந்தார்கள். நாதஸ்வரக்காரர் ஒருவர் மட்டும் ஊரைக் காலி பண்ணிப் போனார். கர்ப்பிணிகளை ஆறாம் மாதமே தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அதற்கென்று ஒரு சின்னச் சடங்கும், வளையலும், இரண்டு வகைச் சோறும் ஏற்பட்டுப்போயின. நகராட்சியிலிருந்து விசாரிக்க வந்த ஆள் செல்லப்பன் கடையில் உட்கார்ந்திருந்தபோதே மணி அடித்தது. மூச்சு திரும்பியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதுல ஒரு சொகம் இருக்குதுங்க, வர்றப்ப" என்று சொல்லிவிட்டு இன்னொரு டீ கேட்டார்.

வண்டிமேல் உட்கார்ந்தவனுக்கு மட்டும் மூச்சு நிற்பதில்லை. அதை அங்கமுத்து முதன்முதலாக ஓட்டிப் பார்த்தபோது தெரிந்துகொண்டான். வருசா வருசம் தை கழிந்ததும், வீதிக்குப் பின்னால் வறண்டு கிடக்கும் குளத்தில் பைக் ரேஸ் நடக்கும். பக்கத்து ஊர் கொடிக்கால்புதூர்க்காரன்தான் தொடர்ந்து கோப்பையைத் தூக்கிக்கொண்டு போவான். இந்தத் தடவை நான் என்று அங்கமுத்து சொல்லிவிட்டான். வேறு எவனையும் நம்பி அவன் ஒரு போல்ட்டைக்கூட ஒப்படைத்ததில்லை, வண்டியை ஒப்படைப்பானா. குளத்தில் அவன் முறுக்கியபோது ஊரின் மூச்சு முழுவதும் அவன் கால் இடுக்கில் இருந்த இஞ்சினுக்குள் இறங்கியது, அதன் வாசனை அவன் மூக்கைத் தாண்டிப் போனது: செல்லப்பன் கடை இஞ்சி, பூக்காரியின் வெற்றிலை, வெல்டிங் கடைக்காரனின் பீடி, அப்புறம் எல்லாவற்றுக்கும் கீழே, மெல்லிசாக, நீலகிரித் தைலம். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடலாம் போல இருந்தது. அவனுக்கு அழுகை வந்தது. அதைக் கோபமாக மாற்றிக்கொண்டு வேகமாக ஓட்டினான்.

அப்போது வண்டியில் இருந்தது இருபத்தெட்டு சைஸ் கார்புரேட்டர், அதாவது காற்று இழுக்கிற வாய் இருபத்தெட்டு மில்லிமீட்டர். முதலில் பாய் இருபத்தாறு போட்டுப் பார்த்திருந்தார். அதற்கு மூச்சு செல்லப்பன் கடை வரைக்கும்தான் நின்றது, வண்டியும் மேலே போகப் போகத் திணறியது. இருபத்தெட்டுக்கு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எட்டியது. வண்டி நின்ற இடத்திலிருந்து கயிற்றில் கட்டி இழுத்த மாதிரிக் கிளம்பியது. அதை ஓட்டிவிட்டு வந்த அன்றைக்குத்தான் மயிலாத்தாள் கடை ஸ்டூலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், உதடு நாவல் பழ நிறத்தில்.

"ஏனுங் மாமா" என்றாள். நிறுத்தினாள். மூச்சு வாங்கினாள். "இது வரைக்கும் நான் தாங்குவனுங்க. இருபத்தெட்டு. அதுக்கு மேல எங்கிட்ட இல்லீங்க."

"சரி அம்மிணி" என்றான் அங்கமுத்து.

அவள் அவனை உற்றுப் பார்த்தாள். "பேரம் பேசாமச் சரிங்கறீங்க. எனக்குப் பயமா இருக்குது."

பயப்பட வேண்டியதுதான். விரல் பிடித்து முடியாத பேச்சு அவனுக்குப் பேச்சே இல்லை. காற்றில் சொன்னது காற்றோடு போச்சு.

கொடிக்கால்புதூர்க்காரன் முப்பத்தாறு சைஸ் வாங்கி மாட்டிவிட்டான் என்ற செய்தி அடுத்த சந்தைக்கு வந்து சேர்ந்தது. எலுமிச்சம்பழத்தையே உள்ளே போட்டு எடுக்கலாமாம், அவ்வளவு பெரிய வாயாம். அங்கமுத்து சாப்பிட்ட கையோடு பட்டறைக்கு ஓடினான்.

"அண்ணே, கேளுங்க" என்றார் பாய், கையில் கிரீஸோடு. "எளநிய ஸ்ட்ரா போட்டு உறிஞ்சறீங்க. சர்ருனு ஏறுதல்ல? அதுலயே மோட்டார் பைப்பைச் சொருகி உறிஞ்சுங்க. வாய்தான் வலிக்கும். காத்து வேகமாப் போனாத்தான் பெட்ரோலைக் கூட்டிட்டுப் போகும். வாய் அகலமாச்சுன்னா காத்து சோம்பேறியாயிரும். நம்ம சிலிண்டர் எத்தனை குடிக்குமோ அத்தனைக்குத்தான் வாய் வெக்கோணும். பெருசு மாட்டுனாக் கீழ இழுவையே இருக்காது."

"மேல?"

"மேல போனாப் பறக்கும். ஆனாக் கீழருந்துதான மேல போகோணும்?"

"முப்பத்தாறுன்னா முப்பத்தாறு. அவனுக்குக் கொறஞ்சவனா நானு?"

"கடைல அக்கா இருக்குதுங்க அண்ணே" என்றார் பாய், மெதுவாக.

அது அங்கமுத்துவின் காதில் விழுந்தது. அந்த நேரம் பார்த்து ரயில்வே கேட்டுப் பக்கத்து ஆட்கள் கூட்டமாக வந்து நிற்காமல் இருந்திருந்தால் ஒருவேளை உள்ளேயும் இறங்கியிருக்கும். அவர்களுக்குப் பல நாளாக மனக்குறை. ஊரே மூச்சு கொடுக்கிறது, பஸ் ஸ்டாண்டுக்காரன்கூடக் கொடுக்கிறான், எங்களுக்கு மட்டும் மணிச் சத்தம் கேட்கிறது, ஒன்றும் நிற்பதில்லை. கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடாமல் விட்ட மாதிரி இருக்கிறது என்றார்கள். "எங்க மூச்சு என்னங்க, எளப்பமா? நாளைக்குக் கோப்பை வந்தா எங்க புள்ளைங்க எந்த மூஞ்சியோட அதைத் தொடும்?" என்று ஒரு பொம்பளை மாரில் அடித்துக்கொண்டாள். எண்ணெய் செக்குக்காரர்களும் பள்ளிக்கூடத் தெருக்காரர்களும் அதையே சொன்னார்கள். மூச்சு நிற்காத தெருவுக்குப் பெண் கொடுக்க யோசிக்கிறார்கள் என்றுகூட ஒருவர் சொன்னார். பெருசு போடுங்க, பெருசு போடுங்க என்று பட்டறை வாசலில் சத்தம் ஏறிக்கொண்டே போனது, அதில் செல்லப்பனின் குரலும் இருந்தது, பூக்காரியின் குரலும் இருந்தது, இருபத்தெட்டுக்கே கண் இருண்டு உட்கார்ந்தவர்களின் குரலும் இருந்தது.

அங்கமுத்து தோளிலிருந்த துண்டை உதறி பாயின் கைமேல் போட்டான்.

கூட்டம் வாயை மூடிக்கொண்டது. பாய் கையைப் பார்த்தார். கார்புரேட்டர் சைஸுக்கு யாரும் இதுவரை துண்டு போட்டதில்லை. அது அளந்து பார்த்து வைக்கிற சங்கதி, பேசிப் படிய வைக்கிற சங்கதி இல்லை. ஆனால் விழுந்த துண்டு விழுந்ததுதான். அங்கமுத்து முப்பத்தாறைப் பிடித்தான். பாய் இருபத்தெட்டைப் பிடித்தார். முப்பத்தாறு. இருபத்தெட்டு. அங்கமுத்துவின் கட்டைவிரல் அவர் உள்ளங்கையில் அழுத்தியது, விட்டது, மறுபடி அழுத்தியது, சந்தையில் எத்தனையோ பேரைச் சாய்த்த அழுத்தம். பாயும் இந்த வீதிக்காரர்தான், இந்தத் துண்டுக்கடியில் வளர்ந்தவர்தான். எதிராளி நின்ற இடத்திலேயே நின்றால் தன் விரல் தன்னை அறியாமல் கொஞ்சம் நகரும். இருபத்தொன்பது என்றார். அவ்வளவுதான். ஒன்று நகர்ந்த விலை அப்புறம் நிற்காது. முப்பது, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. அங்கமுத்து பெரிய மனது பண்ணி ஒன்று இறங்கினான், இன்னொன்றும் இறங்கினான், பாய் மிச்ச இரண்டையும் ஏறி அங்கே வந்து சேர்ந்தார்.

"முடிஞ்சுதா?" என்று கேட்டார் பொங்கியண்ணன்.

"முடிஞ்சுது" என்றார்கள் இருவரும். பாய் பக்கத்துத் தொட்டியில் கையை வெகு நேரம் கழுவிக்கொண்டிருந்தார்.

முப்பத்திநாலு.

சத்தியமாக அவன் தோற்றுவிட்டு வந்த மாதிரிதான் வீட்டுக்குள் நுழைந்தான். "ரெண்டு சைஸ் உனக்காக எறங்கிட்டு வந்திருக்கறன்" என்றான்.

மயிலாத்தாள் தைலப் பாட்டிலை மூடினாள். "நான் எத்தனை சொன்னனுங்க?"

"அதெல்லாம் உங்கிட்டப் பேசுனது. இது வீதியில முடிஞ்சது. நீ ஏன் கெடந்து அடிச்சுக்கறே, ரேஸன்னைக்குக் காலைல உன்ற அண்ணன் ஊட்டுக்கு பஸ்ஸேத்தி உட்டர்றேன். முப்பத்திநாலுக்கு ரயில்வே கேட்டு வரைக்கும்தான் எட்டும்னு பாய் சொல்லிட்டாரு. நான் முறுக்கறப்ப நீ உடுமலை தாண்டியிருப்பே. உன்ற மூச்சு உங்கிட்ட. போதுமா?"

அவள் எழுந்து துணிப்பையை எடுக்கப் போனாள். மிச்சத்தைச் சொல்லாமல் அவள் விட்டது அதுதான் முதல் தடவை.

ரேஸ் அன்றைக்கு ஊர் விடிந்ததிலிருந்தே மூச்சை மிச்சம் பிடித்தது. யாரும் ஓடவில்லை, யாரும் கத்தவில்லை, அடுப்பை ஊதாமல் விசிறியால் மூட்டினார்கள், படுக்கையில் கிடந்தவர்களைத் தூக்கி வாசலில் உட்கார வைத்து முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். அவர்களுடையதும் சேர்ந்து போகட்டும் என்று. பஸ் ஸ்டாண்டில் உடுமலை வழியாகப் போகும் பஸ்ஸின் ஜன்னலோரம் மயிலாத்தாளை உட்கார வைத்து, மடியில் தண்ணி பாட்டிலையும் தைலத்தையும் வைத்துவிட்டு அங்கமுத்து இறங்கப் போனான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். தன் சேலைத் தலைப்பை எடுத்து இரண்டு கைகளையும் மூடினாள்.

பஸ்ஸில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

துண்டு இல்லை, சேலைத் தலைப்புதான். பொம்பளை யாரும் அந்த வீதியில் விரல் பேசியதில்லை. ஆனாலும் அது என்ன என்று எல்லோருக்கும் தெரிந்தது. அவள் விரல்கள் சில்லென்று இருந்தன. இரண்டு விரலைப் பிடித்தாள், விட்டாள். ஐந்தையும் சேர்த்துப் பிடித்தாள். மூன்றைப் பிடிப்பதற்குள் அங்கமுத்து கையை உருவிக்கொண்டான்.

"கூறு கெட்டவளே, எல்லாரும் பாக்கறாங்க" என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு. அவன் முதுகில் வேர்த்துவிட்டது. துண்டுக்குள்ளிருந்து கையை உருவியவன் என்று எவனையாவது சொல்லக் கேட்டால் காறித் துப்புகிற ஆள் அவன்.

மயிலாத்தாள் தலைப்பைச் சரி பண்ணிக்கொண்டாள். "வண்டிய எடுக்கச் சொல்லுங்" என்றாள்.

குளத்தில் கொடி இறங்கியது. ஒன்பது வண்டிகள் செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு பாய்ந்தன, பத்தாவது வண்டி கோட்டிலேயே நின்றது. அங்கமுத்து முழுசாக முறுக்கிப் பிடித்திருந்தான். இஞ்சின் உறுமவில்லை, அகலமாக, சோம்பலாக, தூங்குகிறவன் கொட்டாவி விடுகிற மாதிரி ஒரு இழுப்பு, அதில் காற்று வந்துகொண்டே இருந்தது, பெட்ரோல் வரவில்லை. கரையில் நின்ற ஊர் வாயை மூடி, கண்ணைப் பிதுக்கி, கைகளைக் கோர்த்துக்கொண்டு கொடுத்துக்கொண்டிருந்தது. இஞ்சி மணம் போனது. வெற்றிலை போனது. எண்ணெய் செக்கின் பிண்ணாக்கு மணம், பள்ளிக்கூடத்துச் சுண்ணாம்புக்கட்டி மணம், ரயில்வே கேட்டுக்காரர்களின் கருவாட்டு மணம், எல்லாம் வரிசையாக அவன் மூக்கைத் தாண்டி அந்தப் பெரிய வாய்க்குள் போயின. வண்டி அசையவில்லை. கரையில் பாய் இரண்டு கைகளையும் தூக்கி விடு, விடு என்று ஆட்டினார், கத்துவதற்கு அவரிடம் காற்று இல்லை.

அப்போது நீலகிரித் தைலம் மணத்தது.

அங்கமுத்துவுக்குத் தெரிந்தது. தெரியவில்லை என்று சொல்ல வழியே இல்லை. இருபது வருசம் தலையணையில் முகர்ந்த மணம். உடுமலை தாண்டியிருக்க வேண்டியவள் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் எங்கேயோ இருக்கிறாள். மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்பினால் போதும், ஆக்ஸிலேட்டர் மூடிக்கொள்ளும். அவன் திருப்பவில்லை. அவன் பேரம் பேசினான். இதோ பிடித்துவிடும், இன்னும் ஒரு இழுப்பு, கொஞ்சம் பொறு அம்மிணி, இதோ, இன்னும் ஒரே ஒரு இழுப்பு. அந்த நேரத்தில் ஊரிலேயே நெஞ்சு நிறைய மூச்சு விட்டுக்கொண்டிருந்த ஒரே ஆள் அவன், அந்த மூச்சில் அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். மணம் மெலிந்தது. நூல் மாதிரி ஆனது. நூல் அறுந்தது.

இஞ்சின் பிடித்துக்கொண்டது.

பறந்தது, அதில் பொய் இல்லை. பாய் சொன்னபடியே மேலே போனதும் அதற்கு நிகரான வண்டி அந்தக் குளத்தில் இல்லை. முன்னால் போன வண்டிகளை ஒவ்வொன்றாக வாரிப் பின்னால் போட்டது. ஆனால் குளம் அவ்வளவுதான், சுற்றும் அவ்வளவுதான். மூன்றாவதாக வந்தான். கொடிக்கால்புதூர்க்காரன் கோப்பையை வாங்கிக்கொண்டு சிரித்தபடி வண்டியைக் காட்டினான்; அதில் இருந்தது இருபத்தெட்டு. முப்பத்தாறு என்ற செய்தியைச் சந்தையில் விட்டதும் அவன்தான்.

பஸ் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம், சரியாகப் புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் ஒட்டம்பாளையத்துக்காரன். ஸ்டாண்டிலிருந்தே வேண்டுமென்றே தாமதித்துக் கிளம்பி, கேட்டைத் தாண்டினால் எட்டாது என்று கணக்குப் போட்டு அங்கே நிறுத்தி, "நம்ம ஊரு ஜெயிக்கோணும், நம்ம மூச்சும் போகட்டும், என்னங்கறீங்க?" என்று பயணிகளைக் கேட்டிருக்கிறான். எல்லோரும் சரி என்றார்கள். கண்டக்டர் இறங்கி நின்று பெருமையாக மார்பை விரித்துக்கொண்டாராம்.

"அக்கா மட்டும் சொல்லுச்சுங்க" என்றாள் பக்கத்து சீட்டுப் பொம்பளை, மூக்கைச் சிந்திக்கொண்டு. "வண்டிய எடு கண்ணு, வண்டிய எடு கண்ணுன்னு. கொஞ்ச நேரந்தானக்கா, எல்லாத்துக்கும் வந்தர்ற மாதிரி உனக்கும் வந்துருமுன்னு நாங்கதான் கையப் புடிச்சுக்கிட்டோம். எல்லாத்துக்கும் வந்துருச்சுங்க."

டிரைவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்திருந்தான். எழவில்லை.

மயிலாத்தாள் ஜன்னலில் சாய்ந்தபடி இருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது, மொபெட் அளவுக்கு. அங்கமுத்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. தோளில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அவள் கைமேல் போட்டு, தன் கையை உள்ளே விட்டான்.

பஸ்ஸைச் சுற்றி ஊர் நின்றது. செல்லப்பன் நின்றான், பூக்காரி நின்றாள், மாரில் அடித்துக்கொண்ட ரயில்வே கேட்டுப் பொம்பளை நின்றாள், பாய் கடைசியில் நின்றார். ஒப்பாரி வைக்க வாயெடுத்தவர்கள்கூடத் துண்டைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்கள். துண்டு கிடக்கிற வரைக்கும் பேசக் கூடாது. துண்டுக்கு மேலே அவன் முழங்கை மட்டும் அசைவது தெரிந்தது. இருபத்தெட்டு என்று பிடித்தான். காத்திருந்தான். இருபத்தாறு. காத்திருந்தான். இருபத்திநாலு. சந்தையில் எவனுக்கும் இப்படி இறங்கியதில்லை அவன். இருபத்திரண்டு, இருபது, சிலிண்டரே வேண்டாம், சட்டமே வேண்டாம், குடோன், லாரி, வீதி என்று எத்தனையோ விரல்கள் பிடித்தான், விரலில் இல்லாத எண்களையெல்லாம் பிடித்தான். அந்தக் கை எதற்கும் அசையவில்லை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவு கெட்டியான வியாபாரியை அவன் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

வெயில் புளியமரத்தைத் தாண்டிப் பஸ்ஸுக்குள் வந்தது. ஆம்புலன்ஸ் வந்து பின்னால் நின்றது. பொங்கியண்ணன் படியேறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, சீட்டருகே வந்து நின்றார். வழக்கமான கேள்வியைக் கேட்க மனமில்லாமல் துண்டைப் பார்த்தார். ஆனாலும் அவர் கேட்டால்தான் துண்டு எடுபடும். துண்டு எடுபட்டால்தான் அவளைத் தூக்க முடியும்.

"அங்கமுத்து" என்றார். "முடிஞ்சுதா சாமி?"

ஹெல்மெட் துண்டைவிட்டுத் திரும்பவில்லை.

"இல்லீங்கண்ணா" என்றான். "இன்னும் கொறைக்கச் சொல்றா."